எழுபத்தைந்து நிமிடக் கொடி

காலில் என்ன என்று கேட்காமல், எப்படி ஆனது என்று கேட்டீர்கள் பாருங்கள் அக்கா, அதனால் சொல்கிறேன். இதுவரை பார்த்த இரண்டு டாக்டர்களும் என்ன என்றுதான் கேட்டார்கள். கணுக்கால் பிசகிவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

சாதாரணமாக நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை. என் ஆபீசில் விசாரித்தால், ரேணுகா என்று ஒருத்தி இங்கே வேலை பார்க்கிறாளா என்று அவர்களே கேட்பார்கள். பிசியோதெரபிக்கு இந்தக் கரண்ட் மிஷின் இருபது நிமிடம் ஓடும் என்றீர்கள். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பேசிக்கொண்டிருந்தால் அது தெரியவில்லை.

வடவள்ளியிலிருந்து சிங்காநல்லூருக்கு இந்தக் காலோடு இரண்டு பஸ் மாறி ஏன் வந்தாய் என்றும் கேட்டீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு நித்திலா என்று ஒரு தோழி. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். கல்லூரியில் மூன்று வருடம் நாங்கள் ஒரே பெஞ்சு. இப்போது அவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். கதையும் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். பதினோரு கதைகள் அக்கா. எல்லாவற்றையும் முதலில் படித்தவள் நான். ஒரு கதையில் இரண்டாம் பக்கத்தில் செத்துப்போன அம்மா ஏழாம் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் கண்டுபிடித்தேன். அச்சில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவளை ரேஸ்கோர்ஸுக்கு ஓடக் கூட்டிப்போனதும் நான்தான். அங்கே வேலுச்சாமி அண்ணன் ஒரு ஓட்டக் குழு நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு முப்பது நாற்பது பேர் கூடுவோம். பத்து கிலோமீட்டர் பந்தயம் நடக்கும்போது எங்களில் சிலர் கொடி பிடிப்போம். பேசர் என்பார்கள். முதுகில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு கொடி, கொடியில் ஓர் எண். என் எண் எழுபத்தைந்து. என் கொடிக்குப் பின்னால் ஓடி வந்தால் நீங்கள் சரியாக எழுபத்தைந்து நிமிடத்தில் முடிப்பீர்கள். கொடி பிடிக்கிறவள் அதற்கு முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் விழக் கூடாது. ஐந்து முறை பிடித்திருக்கிறேன். பத்து வினாடிக்கு மேல் பிசகியதே இல்லை. “ரேணு கொடிய நம்பி வாட்சைக் கழட்டி வூட்ல வெச்சுட்டு வரலாமுங்க” என்று வேலுச்சாமி அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் காரணம் வேறு. நாற்பது பேர் என்னை நம்பி வருவார்கள். ஒருவர் முகத்தையும் நான் பார்க்க வேண்டியதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெஸி அக்கா வந்தார். ஜெஸிந்தா. தூத்துக்குடிக்காரர், கல்யாணம் ஆகி இங்கே வந்தவர், இரண்டு பிள்ளைகள். நல்லவர்தான். அதுதான் கஷ்டம். அவருக்கு அறுபத்தைந்து நிமிடக் கொடி. அந்த வேகத்திலும் பேசிக்கொண்டே ஓடுவார், மூச்சே வாங்காது. பந்தயம் இல்லாத ஞாயிறுகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நித்திலாவோடு ஓட ஆரம்பித்தார். நித்திலா எழுதப்போகிற கதையை ஓடும்போதே அவரிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தாள். அதாவது எழுதுவதற்கு முன்பே. அப்படியென்றால் முதல் வாசகி யார்? குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கதைகள் புத்தகமாக வருவது முடிவானதும், அக்டோபரில், நித்திலா என்னைக் கூப்பிட்டாள். “ரேணு, முதல் பிரதிய நீ வாங்கிக்கோடி” என்றாள். நீங்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போனதுண்டா? ஒருவர் புத்தகத்தை வெளியிடுவார். இன்னொருவர் மேடையில் நின்று முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். எல்லோரும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். “ஐயோ, மேடையா, நான் மாட்டேன்பா” என்றேன்.

“சரி” என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. சரி என்றாள்.

ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். சாப்பிடுங்கள் என்கிறார்கள். உடனே உட்கார்ந்துவிடுவோமா? இல்லைங்க, இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம் என்போம். அவர்கள் விடமாட்டார்கள். கொஞ்சமாவது சாப்பிடுங்கள் என்பார்கள். அதற்குப் பிறகுதானே உட்காருவோம்? இரண்டு இட்லிக்கே இரண்டு முறை கேட்கிற ஊர் இது. ஒரு புத்தகத்துக்கு ஒரு முறைதான் கேட்பதா? டிசம்பர் முழுவதும் காத்திருந்தேன். பச்சைப் பட்டு ஒன்றுக்கு ரவிக்கைகூடத் தைத்து வைத்தேன். அவள் கேட்கவில்லை.

அழைப்பிதழ் வாட்சப்பில் வந்தது. முதல் பிரதி பெறுபவர், ஜெஸிந்தா. எல்லாவற்றுக்கும் கடைசியில், நன்றியுரை, ரேணுகா. மேடையே வேண்டாம் என்றவளுக்கு நன்றியுரை எதற்கு என்று கேட்டேன். “அதுக்குள்ள பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருவாங்கடி. உனக்கு பயமா இருக்காது” என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள். யாரும் கேட்காத நேரமாகப் பார்த்து எனக்கு ஒதுக்கியிருக்கிறாள்.

பொங்கல் லீவில் சனிக்கிழமை சாயங்காலம் விழா, மறுநாள் காலை ஓட்டம். காணும் பொங்கலன்று யாராவது புத்தகம் வெளியிடுவார்களா? அன்றைக்குத்தான் அரங்கம் காலியாக இருந்ததாம். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். நான் எதையும் எண்ணுகிறவள் இல்லை, சும்மா கண்ணில் பட்டது. அதில் பதினெட்டுப் பேர் எங்கள் ஓட்டக் குழு. எழுத்தாளர்கள் எல்லாம் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக ஒரு பக்கம். எங்கள் ஆட்கள் மறுநாள் ஓட்டத்துக்குக் கொடுத்த மஞ்சள் டீ சர்ட்டை முந்தின நாளே போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம். வாழ்த்துரை வழங்கிய பேராசிரியர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். “இவருக்கு ஒரு கொடி குடுத்து அனுப்பியிருக்கணுமுங்க” என்றார் வேலுச்சாமி அண்ணன். பின்வரிசை முழுவதும் சிரித்தது.

நான் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வண்ணக் காகிதத்தைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். ஜெஸி அக்கா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்புறம் மைக்கைப் பிடித்து, “நா என்னத்த புக்கு படிச்சிருக்கேன்? பைபிள் படிப்பேன், பிள்ளையளோட பாடப் புஸ்தகம் படிப்பேன். இவ கதைய எல்லாம் ஓடிக்கிட்டே காதால கேட்டதுதான். ஒரு கதைக்கு அழுதுட்டு வீட்டுக்குப் போனா, வேர்வைன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரர் துண்டு குடுத்தாரு” என்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அந்தப் பேராசிரியர்கூடத் தட்டினார். மேடையிலிருந்து நித்திலா ஜெஸி அக்காவைப் பார்த்தது ஆறு முறை. என்னைப் பார்த்தது இரண்டு முறை. அதில் ஒன்று, மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்காக.

புத்தகத்தில் நன்றிப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் புரட்டினேன். முதல் பெயரே என்னுடையதுதான். அடுத்தது ஜெஸி அக்கா. இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி அக்கா. பதினோரு வருடப் பழக்கத்துக்கும் எட்டு மாதப் பழக்கத்துக்கும் நடுவில் அவ்வளவு சின்னதாக ஒரு புள்ளி.

நன்றியுரையை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். நன்றாகத்தான் வந்தது. அச்சகத்தாருக்குச் சொன்னேன், ஒலிபெருக்கி வைத்தவருக்குச் சொன்னேன், செருப்பைப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருந்து சொன்னேன். ஜெஸி அக்கா பெயர் விட்டுப்போயிற்று. தாளில் இருந்தது. படிக்கும்போது வரி தாண்டிவிட்டது. யாருக்கும் நடப்பதுதானே?

கீழே இறங்கியதும் நித்திலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பெயர் விட்டதைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “நாளைக்கு உன் கொடிக்குப் பின்னாலதான் ஓடறேன். எழுபத்தஞ்சு. இந்தத் தடவை முடிச்சுரணும். விட்டுட்டுப் போயிராதடி” என்றாள். அவள் எழுபத்தேழுக்குக் கீழே இறங்கியதே இல்லை. முட்டிவலி வேறு. எனக்கு ஒரு நிமிடம் மனது இளகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அதற்குள் ஜெஸி அக்கா கூப்பிட்டார், போய்விட்டாள்.

மறுநாள் ஓட்டத்துக்குக் கரும்பு ஓட்டம் என்று பெயர். முடிக்கிற எல்லோருக்கும் மெடலோடு ஒரு முழுக் கரும்பு தருவார்கள். ரேஸ்கோர்ஸை நான்கு முறை சுற்ற வேண்டும். ஆறு மணிக்குக் கொடியோடு போய் என் இடத்தில் நின்றேன். பின்னால் முப்பத்தைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். குருமூர்த்தி சார் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். பாங்க் மேனேஜர், ஏப்ரலில் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் ஒரு முறையாவது எழுபத்தைந்தில் முடிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஓடுகிறார். “இன்னிக்கு உன்ற கொடிதாம்மா எனக்குக் கடிகாரம்” என்றார்.

நித்திலாவைக் காணோம்.

திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அதே மஞ்சள் டீ சர்ட். விசில் அடித்துவிட்டார்கள். ஓடத் தொடங்கிவிட்டேன். முதல் கிலோமீட்டரை என் கணக்குப்படி சரியாகத்தான் ஓடினேன், ஏழரை நிமிடம். ஒரு வளைவில் முன்னால் போகிறவர்கள் தெரிந்தார்கள். அங்கே ஜெஸி அக்காவின் கொடி. கொடிக்குப் பக்கத்தில் ஒற்றைப் பின்னல், மெரூன் தொப்பி.

அந்தத் தொப்பி எனக்குத் தெரியும் அக்கா. ஊட்டியில் நான் வாங்கியது. ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரு பூப் போட்டு, அவளுடைய பிறந்த நாளுக்கு நான் கொடுத்தது. அந்தத் தொப்பி ஜெஸி அக்கா பக்கம் சாய்ந்து சிரித்துக்கொண்டு போகிறது. விட்டுட்டுப் போயிராதடி என்று என்னிடம் சொல்லிவிட்டு.

வேகமாக ஓட வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. கால் போயிற்று. எழுபது நிமிடக் கொடி பிடித்த பையனைத் தாண்டும்போது அவன் என் முதுகில் இருந்த எண்ணையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குருமூர்த்தி சார் மூச்சு வாங்க, “ஏம்மா, வேகம் கொஞ்சம் சாஸ்தியா இருக்குதுங்களா?” என்று கேட்டார். “இறக்கம் சார்” என்றேன். ரேஸ்கோர்ஸில் ஏது இறக்கம்? தட்டுப் போல இருக்கும். ஆனால் அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார்கள்.

இரண்டாவது சுற்றில் பின்னால் காலடிச் சத்தம் பாதியாகிவிட்டது. மூன்றாவதில் ஒரே ஒரு ஜோடிக் கால்தான் கேட்டது. தண்ணீர் கொடுக்கிற மேஜைப் பக்கத்தில் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். குருமூர்த்தி சார் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, “நீ போம்மா, நீ போ” என்றார். வயதான காலத்தில் அவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டாமா? திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ போம்மா என்றார்.

போனேன். மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் எட்டிப் பிடித்துவிட்டேன். “நித்திலா” என்று கூப்பிட்டேன். தொப்பி திரும்பியது. யாரோ ஒரு பெண். சின்னப் பெண், மூக்குத்தி போட்டிருந்தாள்.

ஜெஸி அக்காதான் பேசினார். “இது எந் தங்கச்சி மெற்றில்டா. லீவுக்கு வந்தவ. ஏட்டி ரேணு, ஓன் கொடி எழுபத்தஞ்சுல்லா? இங்க என்ன செய்யுத?”

நான் பின்னால் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவருமே இல்லை. பார்த்தபடியே கால் வைத்த இடத்தில் காகிதக் கப்புகள் கிடந்தன, அடுத்தது நடைபாதை விளிம்பு. எப்படி ஆனது என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

ஓரமாக உட்கார வைத்து வலிக்கு ஸ்பிரே அடித்தார்கள். ஜெஸி அக்கா நிற்கப் பார்த்தார். அவருக்குப் பின்னாலும் முப்பது பேர் இருந்தார்கள், நான்தான் போகச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து நித்திலா வந்தாள். தனியாக, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து. தலையில் தொப்பி இல்லை, முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழிவறை வரிசையில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாளாம்.

“உன் கொடியையே பாத்துட்டு ஓடினேன். ஒரு நிமிஷம்தானே, பிடிச்சுரலாம்னு. மொதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்புறம் தூரமா போச்சு. அப்புறம் காணவே இல்ல” என்றாள். முட்டியைத் தடவிக்கொண்டாள். “உன் கொடி தப்பாது இல்ல? அதனால எனக்குத்தான் முடியலன்னு நெனச்சேன்டி.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாயில் வந்தது அதுவல்ல.

“தொப்பிய ஏன் குடுத்தே?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். சிரிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

“அந்தப் பொண்ணு கேட்டா, குடுத்தேன்” என்றாள். “நீயும் கேட்டிருக்கலாம் ரேணு. இத்தனை வருஷத்துல எதையாவது ஒண்ணை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.”

பிறகு என் முதுகிலிருந்து கொடியைக் கழற்றினாள். கொடி எப்படியும் எல்லைக்கோட்டைத் தாண்டியாக வேண்டும், அது எங்கள் குழுவின் வழக்கம். அவள் முதுகில் மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். பாதி ஓட்டம், பாதி நடை. எண்பத்தாறு நிமிடத்தில் எழுபத்தைந்து நிமிடக் கொடி வந்து சேர்ந்தது என்று வேலுச்சாமி அண்ணன் வாட்சப் குழுவில் போட்டார், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையோடு. கொடிக்காக எல்லையில் காத்திருந்தவர்கள் அவளைத்தான் கேட்டார்களாம். தன்னால்தான் தாமதம் என்று சொன்னாளாம். ஐந்து முறை பிசகாமல் பிடித்த கொடி அக்கா. இனி அந்த எண்பத்தாறைத்தான் நினைப்பார்கள்.

என்னை ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டில் விட்டவர் ஜெஸி அக்கா. எனக்கு வர வேண்டிய கரும்பையும் கேட்டு வாங்கி, சமையலறையில் தானே நறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போனார். தினமும் போன் செய்கிறார். நான் எடுப்பதில்லை. ஒருநாள் எடுத்தேன். “நித்திலா முட்டிவலிக்குப் போறாள்லா, சிங்காநல்லூர்ல, அந்தம்மாட்டயே நீயும் போ. செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்கு அவளும் அங்கதான் இருப்பா” என்றார். நித்திலா எந்த டாக்டரிடம் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரம் முதற்கொண்டு.

பன்னிரண்டு நாளாக நித்திலா என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஒரு தொப்பி பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். அதை அவள் யாரிடமாவது கொடுக்கட்டும். எனக்கென்ன?

இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே? போனில் உங்கள் ரிசப்ஷன் பெண் ஏழு மணிக்கு வரச் சொன்னாள். நான்தான் ஆறு பத்துக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

இருங்கள். வெளியே செருப்பு விடுகிற சத்தம். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. அது அவள்தான். கொஞ்சம் திரையை விலக்கிப் பாருங்கள் அக்கா. தனியாகத்தான் வந்திருக்கிறாளா? கூட யாரும் இல்லையே? கையில் தொப்பி இருக்கிறதா?

என்னக்கா? உள்ளே கூப்பிடட்டுமா என்கிறீர்களா? ஐயோ, வேண்டாம். நான் மாட்டேன். என்ன பேசுவது? வேண்டாம் அக்கா.

மிஷின் நின்றுவிட்டது. பட்டையை அவிழ்க்கிறீர்கள். சரி என்று சொல்லிவிட்டீர்கள்.

ஏன் அக்கா, நீங்களும் ஒரு முறைதான் கேட்பீர்களா?